வெஸ்டர்ன் ஸ்விங் பருவத் தேர்வு: இடது காலை ஓரமாக வையுங்கள்

பெடல் ஸ்டீல் கிட்டாரை (கிடைமட்டமாக நிறுத்தி, தந்திகளின் மேல் உலோகக் கட்டையை நகர்த்தி, காலால் பெடல்களை மிதித்துச் சுரத்தை மாற்றும் கிட்டார்) முதன்மைக் கருவியாக எடுத்து, டெக்சஸின் ஒரு கல்லூரியில் வெஸ்டர்ன் ஸ்விங் (நாட்டுப்புற ஃபிடில் இசையும் ஜாஸும் கலந்த நடன இசை) பாடத்துக்காக நடுவர் குழுவின் முன் வாசித்துக் காட்டும் தேர்வுக்குப் போனவர்களுள் நானும் ஒருவன். சென்ற வாரம் முடிவு வந்தது, தேறிவிட்டேன். இத்தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குத் தேர்வின் அமைப்பை விளக்க வேண்டியதில்லை என்பதால், எனக்குக் கைகொடுத்ததை மட்டும் எழுதுகிறேன். அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: முதல் பருவம் முழுவதும் இடது காலைப் பெடல்களின் மேல் வைக்காதீர்கள்.

இதைப் பிடிவாதம் என்று சக மாணவர்கள் சொன்னார்கள். பிடிவாதம்தான், ஆனால் இந்த இசையின் வரலாறு என் பக்கம் இருக்கிறது. 1935 ஜனவரியில், இந்த இசையின் முன்னோடிகளுள் ஒருவரான மில்டன் பிரவுனின் குழுவோடு பாப் டன் ஒலிபெருக்கிய ஸ்டீல் கிட்டாரைப் பதிவுசெய்தபோது அவர் கருவியில் பெடல் என்ற பொருளே கிடையாது. அதே ஆண்டில், இன்னொரு முன்னோடியான பாப் வில்ஸின் குழுவுக்கு வந்த லியான் மெக்காலிஃப், 1940-களில் அதே குழுவில் வாசித்த நோயல் பாக்ஸ், ஹெர்ப் ரெமிங்டன் ஆகியோரின் அந்தக்காலப் பதிவுகளும் பெடல் இல்லாத கருவியில் எழுந்தவையே. சுரத்தைப் பெடலால் அழுத்தி வளைக்கும் ஒலி பரவலானது 1954-க்குப் பிறகுதான். ஆகவே ஸ்விங் என்று நாம் கேட்டு மயங்குவதில் பெரும்பகுதி இடது கையிலுள்ள பாரிலும் (தந்திகளின் மேல் நகரும் அந்த உலோகக் கட்டை) வலது கை விரல்களிலும் பிறந்தது, காலில் பிறந்ததன்று. கருவியில் நெக் எனப்படும் தந்தி வரிசைகள் இரண்டு, அவற்றின் பெயர்கள் சுருதி சேர்த்த முறையைக் குறிப்பவை; இ9 நெக்கில் தொடங்கிவிட்டு ஸ்விங்குக்கான சி6 நெக்குக்கு வருகிறவர்கள் காலை எடுக்க மறுப்பதால், ஒவ்வொரு கார்ட்டும் (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதி) இழுபட்டு அழுகிறது, நடனத்துக்கான தாளம் பின்னால் தங்கிவிடுகிறது.

பெடல் இல்லாமல் சி6 நெக்கில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் பேஸ் கிட்டாரையோ கைபேசியிலுள்ள ஒரு சுரத்தையோ சி-யில் நிறுத்தி வைத்துக்கொண்டு பாரை மட்டும் நகர்த்திப் பார்க்கவும். 12-ஆம் ஃப்ரெட்டில் (பாரை வைக்கும் இடத்தைக் காட்டும் கோடு) 3, 4, 5, 6 தந்திகள் சி6 கார்ட்டைத் தருகின்றன. அதே தந்திகளோடு 7-ஆம் ஃப்ரெட்டுக்கு வந்தால் கையில் இருப்பது ஜி6; ஆனால் அதிலுள்ள ஜி, பி, டி, இ ஆகியவை கீழே நிற்கும் சி-யோடு சேர்ந்து சி மேஜர் 9-ஆகக் கேட்கின்றன. 10-ஆம் ஃப்ரெட்டில் வருவது எங்கோ போய்ச் சேரத் துடிக்கும் ஒலி. அங்கிருந்து 12-க்கு ஏறினால் வீடு வந்த நிம்மதி. 3-ஆம் ஃப்ரெட்டில் சி மைனர் 7 ப்ளூஸ் சாயலோடு வரும். நான்கு இடங்கள், ஒரே விரல் பிடிப்பு, பெடல் ஏதுமில்லை. இந்த நான்கையும் பன்னிரண்டு சுருதிகளிலும் தேடிக் கண்டுபிடித்ததே என் முதல் பருவத்தின் பெரும்பகுதி. இது எல்லோருக்கும் பொருந்துமா என்றால், வேகத்தை விரும்பும் இயல்புள்ளவர்களுக்குச் சலிப்பூட்டக்கூடும். ஒரே இடத்தில் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருப்பது பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்தது ஒலியை அடக்குதல். ஸ்விங்கில் ஒரு கார்ட் எப்போது தொடங்குகிறது என்பதைவிட எப்போது முடிகிறது என்பதே முக்கியம். வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம் தந்திகளின் மேல் சாய்ந்து விழ, அதே அசைவில் விரல்பிக்குகள் (விரலில் மாட்டும் மீட்டிகள்) தந்தியை விட்டு மேலெழ வேண்டும்; இரண்டும் இரண்டு அசைவுகளாகப் பிரிந்தால் நடுவில் ஒரு 'டக்' கேட்கும். இடது கையில் பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டுவிரலும் தந்திகளைத் தொட்டபடியே வர வேண்டும், இல்லையென்றால் பாருக்குப் பின்புறத் தந்திகளும் முனகும். கோட்டுவாத்தியம் பழகியவர்களுக்குப் பாரை நகர்த்துவது எளிது. ஆனால் அங்கே இழைவைக் காப்பாற்றிய கை இங்கே அதை வெட்டப் பழக வேண்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, இரண்டாம் நான்காம் தட்டுகளில் மட்டும் கார்ட்டை விழச் செய்து, மற்ற இரண்டையும் முழு மௌனமாக விடுவதே நான் நாள்தோறும் செய்த பயிற்சி. வேகமான பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மதிப்பெண் இழந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் இடது காலுக்கு இரண்டே வேலைகள் கொடுத்தேன். வழக்கமான அமைப்பில் 6-ஆம் பெடல், 6-ஆம் தந்தியின் இ-யை இ ஃப்ளாட் ஆக்குகிறது. 12-ஆம் ஃப்ரெட்டிலேயே நின்றபடி 5 முதல் 9 வரையான தந்திகளில் எஃப்9 கிடைத்துவிடும். 5-ஆம் பெடல், 5-ஆம் தந்தியின் ஜி-யை எஃப் ஷார்ப் ஆக்கி, 10-ஆம் தந்தியின் சி-யை டி-க்கு உயர்த்துகிறது. அதே இடத்தில் டி9. தேர்வில் எப்படியும் கேட்கப்படும் திருப்பத்தை (பாட்டைத் தொடக்கக் கார்ட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் கார்ட் வரிசை) இவ்விரண்டால் முடித்துவிடலாம்: 12-இல் பெடலின்றி சி6, 7-இல் 5-ஆம் பெடலோடு ஏ9, மீண்டும் 12-இல் அதே பெடலோடு டி9, 14-இல் 6-ஆம் பெடலோடு ஜி9, பிறகு வீடான சி6. பாரை நகர்த்திய பின் பெடலை மிதிப்பதா, மிதித்தபின் நகர்த்துவதா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும் ஒரே தட்டில், ஒலி அடங்கியிருக்கும் அந்த இடைவெளியில். அப்போது மாற்றம் காதில் விழாது, கார்ட் மட்டுமே விழும். 7-ஆம், 8-ஆம் பெடல்களைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் தொட்டேன், தொடாமலிருந்தாலும் குறையில்லை.

இதில் ஒரு கசப்பும் உண்டு. எனக்குத் தரப்பட்ட பாட்டு பெடலுக்கு முந்தைய காலத்தது. அதை அக்காலத்தின்படியே வாசித்ததற்கு ஒரு நடுவர், "பெடல் பயன்பாடு போதாது" என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தார். 2011-இல் இம்மாநிலச் சட்டமன்றம் வெஸ்டர்ன் ஸ்விங்கை மாநிலத்தின் அதிகாரபூர்வ இசையாக அறிவித்தது; ஆனால் அதன் பழைய வாசிப்பைக் காதால் அறிந்து மதிப்பிடும் நடுவர் கிடைப்பது அரிது போலும். ஆகவே தேர்வுக்கு நீங்களே தேர்ந்தெடுக்கும் இரண்டு பாடல்களில் ஒன்றிலாவது கால் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இது இசைக்கான அறிவுரை அன்று, மதிப்பெண்ணுக்கான அறிவுரை.

இனி, சிதறலாகச் சில:

கேட்க வேண்டியது: 1946, 1947-இல் பாப் வில்ஸ் குழு வானொலி நிலையங்களுக்காகப் பதிவுசெய்த டிஃபனி பதிவுகள். ஸ்டீலை மட்டும் கேட்காமல், எல்டன் ஷாம்ப்ளினின் தாள கிட்டார் ஒவ்வொரு தட்டுக்கும் கார்ட்டை எப்படி நகர்த்துகிறது என்று கேளுங்கள். அது விடும் இடத்தில்தான் உங்கள் கார்ட் விழ வேண்டும்.

தனி வாசிப்பு: பாப் டன் ட்ராம்போன் ஊதுவதைப் போல வாக்கியம் அமைத்தார். ஊதுகருவிக்காரர் மூச்செடுக்கும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். ஸ்டீல் பதிவுகளைவிட ஊதுகருவித் தனிவாசிப்புகளைப் பாடிப் பழகியது எனக்கு அதிகம் உதவியது.

சுருதி: ஃபிடிலுக்கு ஏற்ற டி, ஏ, ஜி மட்டும் போதாது, பாடகர் மாறினால் பி ஃப்ளாட், இ ஃப்ளாட் வரும். என்னிடம் இ ஃப்ளாட்டில்தான் கேட்டார்கள்.

பார்வை: ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே கண் இல்லையென்றால் பார் விலகித் தெரியும். தேர்வறையின் நாற்காலி உயரம் வேறுபடும் என்பதால் உங்கள் இருக்கையையே எடுத்துச் செல்லுங்கள்.

ஒலிப் பெடல் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடல்): ஸ்விங்கில் அதைத் துடைப்பம்போல் ஆட்டாதீர்கள். ஒரே நிலையில் வைத்து, கார்ட்டின் எடையை விரலால் கூட்டிக் குறையுங்கள்.

நேரம்: கருவியின் கால்களைப் பொருத்தி, பெடல் கம்பிகளை மாட்டி, சுருதி சேர்ப்பதற்குள் குளிரூட்டிய அறையில் தந்திகள் மறுபடி நகர்ந்துவிடும். அரை மணி முன்னதாகவே கருவியை அறையில் விரித்து வைத்துவிட்டு, அழைப்பதற்குச் சற்று முன்புதான் கடைசியாகச் சுருதி பாருங்கள். பெடலை மிதித்த நிலையில் வரும் சுரங்களையும் தனியே சரிபார்க்க மறக்க வேண்டாம்.