மாம்பலம் நடைமேடையில் அரை மணி நேர இணையம்: எங்கே நிற்பது, எதை அணைப்பது

வைஃபை பட்டியலில் ஒரு பெயர் தெரிவது வேறு, அதில் நெட் வருவது வேறு. இலவச இணையம் தேடிப் போகும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. ரீசார்ஜ் முடிந்துபோன மாணவர் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் இப்படி நிற்பதைப் பார்க்கும்போது, வழி தெரிந்தவர்கள் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். சென்னையின் மற்ற பகுதிகளுக்கும் இது ஏறக்குறைய பொருந்தும்.

முதலில் தேட வேண்டிய இடம் ரயில் நிலையம். ரயில்வேயின் பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல், கூகுளுடன் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் நிலைய வைஃபையைத் தொடங்கியது. கூகுள் 2020-ல் விலகிக்கொண்டாலும் ரயில்டெல் நிறுத்தவில்லை. 'ரயில்வயர்' என்ற பெயரில் இன்று நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. பீச்–தாம்பரம் பாதையில் போய்வருபவர்களுக்குப் பழகிய பெயர்தான். ஒரு மொபைல் எண்ணுக்கு ஒரு நாளைக்கு முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ் வரை.

அந்த அரை மணி நேரத்தில் என்ன முடியும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொண்டு போவது நல்லது. 1 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் 30 நிமிடத்தில் 225 எம்பி இறங்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே வரும். ஹால் டிக்கெட், 2 எம்பி பிடிஎஃப் போன்றவை அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 100 எம்பி ஆப் அப்டேட்டுக்கு மட்டும் 13, 14 நிமிடம் போய்விடும். அதனால் இணைவதற்கு முன்பே ப்ளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட், கூகுள் போட்டோஸ் பேக்கப், வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவது ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள். வைஃபை கிடைத்ததும் இவை மூன்றும்தான் முதலில் பாயும். நீங்கள் திறக்க வந்த பக்கம் பின்னால் காத்து நிற்கும்.

அடுத்தது, எங்கே நிற்பது. நடைமேடைக் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களையும் விட்டங்களையும் அண்ணாந்து பாருங்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பெட்டி, அடியிலிருந்து ஒரே ஒரு கேபிள், ஒரு சிறு பச்சை விளக்கு என ஏதாவது தெரிந்தால் அதுதான் வைஃபை சிக்னலை அனுப்பும் அக்சஸ் பாயின்ட். நேர் பார்வையில், 20, 30 மீட்டருக்குள் நில்லுங்கள். படிக்கட்டுக்கு அடியிலோ டிக்கெட் கவுன்டர் சுவருக்குப் பின்னாலோ நின்றால் கோடு தெரியும், இணைப்பு ஒட்டாது. காரணம் எளிது. அந்தப் பெட்டி உரக்கப் பேசும், உங்கள் போன் மெதுவாகப் பேசும். பெட்டி பேசுவது போனுக்குக் கேட்பதால் கோடு காட்டுகிறது. போன் சொல்லும் பதில் பெட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பார்க்க விரும்பினால், ஆண்ட்ராய்டில் 'வைஃபை அனலைசர்' வகை ஆப் ஏதாவது ஒன்று போதும். சிக்னலை டிபிஎம் கணக்கில் கழித்தல் எண்ணாகக் காட்டும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. -50 என்றால் பெட்டிக்குக் கீழேயே நிற்கிறீர்கள். -67 வரை வேலை சுகமாக நடக்கும். -75-க்குக் கீழே போனால் திணறும். -80-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். ஒரு சிறு விஷயம்: ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு ஆப் 2 நிமிடத்தில் 4 முறைதான் ஸ்கேன் செய்ய முடியும். எனவே நடந்துகொண்டே பார்த்தால் பழைய எண்தான் தெரியும். ஓரிடத்தில் அரை நிமிடம் நின்று பாருங்கள். ஐபோனில் இப்படிப்பட்ட ஆப்கள் கிடையாது. ஆப்பிளின் 'ஏர்போர்ட் யுடிலிட்டி'யை நிறுவி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் அதே எண்கள் கிடைக்கும்.

ரயில் நிலையத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மின்சார ரயில் வந்து நின்றால் அது ஓர் எஃகுச் சுவர், சிக்னல் சட்டென்று விழும். அது மட்டுமல்ல. அந்த ரயிலில் இருப்பவர்களில் முன்பு எப்போதாவது ரயில்வயரில் இணைந்தவர்களின் போன்கள், சட்டைப்பையில் இருந்தபடியே, தாமாக இணையப் பார்க்கும். ஒவ்வொன்றும் நெட்வொர்க்கிடம் ஓர் ஐபி முகவரி, அதாவது அதில் தன்னை அடையாளம் காட்டும் எண், வாங்கும். ரயில் அரை நிமிடத்தில் கிளம்பிவிடும், வாங்கிய முகவரி மட்டும் கெடு முடியும்வரை அந்த போன்களின் பெயரிலேயே கிடக்கும். நெரிசல் நேரத்தில் முகவரிகள் தீர்ந்துபோகும். 'ஐபி முகவரி பெறுகிறது' என்று போன் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, விவரத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தாலோ பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கள் போனில் பழுது இல்லை, ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. கூட்டம் வடிந்தபின் பாருங்கள். காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8 தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இணைந்துவிட்டது, லாகின் பக்கம் மட்டும் வரவில்லை என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். பொது வைஃபையில் வாசல் ஒன்று உண்டு. நீங்கள் திறக்கும் முதல் பக்கத்தை அது மறித்து, எண் கேட்கும் பக்கத்துக்குத் திருப்பிவிடும். ஆனால் இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டிய இணைப்பில், அதாவது எச்டிடிபிஎஸ்-ல் வருகின்றன. பூட்டியதை இடையில் மறித்துத் திருப்ப முடியாது என்பதால் பிரவுசர் பிழை காட்டி நின்றுவிடும். இதற்காகவே பூட்டாமல் வைத்திருக்கும் தளம் ஒன்று இருக்கிறது: நெவர்எஸ்எஸ்எல் டாட் காம். முகவரிப் பட்டையில் அதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், லாகின் பக்கம் வந்து நிற்கும்.

அப்படியும் வரவில்லையா? மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டா வழியாகப் போகும், வாசல் பக்கம் வரவே வராது. ஃப்ளைட் மோடு போட்டுவிடாதீர்கள், ஓடிபி எஸ்எம்எஸ் வராமல் போய்விடும். டேட்டாவை மட்டும் அணைத்தால் எஸ்எம்எஸ் வழக்கம்போல் வரும். அடுத்து, இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் ஆப் இருந்தால் நிறுத்துங்கள். பின்பு ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தருவது. விளம்பரத்தைத் தடுப்பதற்காக யாராவது அதில் ஒரு பெயரை நிரப்பி வைத்திருந்தால், லாகின் ஆகும்வரை அந்த சர்வரை எட்ட முடியாது, எந்தப் பெயருக்கும் முகவரி கிடைக்காது. 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் சரியாகிவிடும். ஐபோனில், இணைப்பை மறைத்து அனுப்பும் ஐகிளவுட் பிரைவேட் ரிலே இதே சிக்கலை உண்டாக்கலாம்.

எண்ணைக் கொடுத்த பிறகு கவனம் தேவை. ஐபோனில் லாகின் பக்கம் ஒரு சிறு ஜன்னலாக வரும். ஓடிபி பார்க்க மெசேஜஸ் ஆப்புக்குப் போனால் அந்த ஜன்னல் மூடிக்கொள்ளலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மேலே வரும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள், அல்லது கீபோர்டுக்கு மேல் தோன்றும் எண்ணைத் தட்டுங்கள். லாகின் முடிந்ததும் ஜன்னலை மூடிவிட்டு வழக்கமான பிரவுசருக்கு வாருங்கள். அந்தச் சிறு ஜன்னலிலேயே ஹால் டிக்கெட்டை இறக்க முயன்றால் பெரும்பாலும் நடக்காது.

இலவச நேரம் பாக்கி இருக்கும்போதே மறுபடி மறுபடி ஓடிபி கேட்டால், போனின் 'ரேண்டம் மேக்' காரணமாக இருக்கலாம். வாசல் உங்களை நினைவு வைத்திருப்பது போனின் மேக் முகவரியால், அதாவது வைஃபையில் போன் காட்டும் அடையாள எண்ணால். அது மாறினால் உங்களைப் புது ஆளாக நினைத்துக்கொள்ளும். ஐபோனில் அந்த நெட்வொர்க்குக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தட்டி, பிரைவேட் முகவரியை 'ஃபிக்ஸ்டு' என்று வையுங்கள்.

அரை மணி நேரம் போதாது என்றால் பணம் கட்டும் திட்டங்கள் உண்டு. 2021 மார்ச்சில் அறிவித்தபோது நாளொன்றுக்கு 10 ரூபாய்க்கு 5 ஜிபி, 34 எம்பிபிஎஸ் வேகம். அவசரத்துக்கு இது நியாயமான விலை.

நிலையத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 570 மீட்டர் நீளம். அதில் ஏறி நடக்கத் தொடங்கினால் ரயில்வயர் சிறிது தூரத்திலேயே நின்றுவிடும், நடுவழியில் பெரிய கோப்பு எதையும் தொடங்காதீர்கள். மாநகராட்சி நகரின் பல இடங்களில் நிறுத்திய ஸ்மார்ட் கம்பங்களிலும் ஓடிபி கொடுத்து அரை மணி நேரம் இலவசமாக இணையலாம் என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. கம்பத்தைக் கண்டால் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். இணையத்தில் சுற்றும் பழைய 'இலவச வைஃபை இடங்கள்' பட்டியலை நம்பி பஸ் ஏறாதீர்கள். பெட்டியில் விளக்கு எரிகிறதா என்பதுதான் கணக்கு.

நான் அதிகம் நம்பிக்கை வைத்திருப்பது பெட்டிக்கடைகளின் மீது. மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பிஎம்-வானி திட்டப்படி, டீக்கடையோ மளிகைக்கடையோ தன் பிராட்பேண்ட் இணைப்பை வைஃபையாக மக்களுக்குக் கொடுக்கலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். நாட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹாட்ஸ்பாட்கள் வந்துவிட்டன. உங்கள் பக்கம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பிஎம்-வானி ஆப் ஒன்றை நிறுவி, ஒரே ஒருமுறை மொபைல் எண்ணைப் பதிவு செய்யுங்கள். அருகில் உள்ள ஹாட்ஸ்பாட்களை ஆப் காட்டும், தட்டினால் இணையும். வீட்டில் நெட் இருக்கும்போதே ஆப்பை நிறுவி வையுங்கள், நெட் இல்லாமல் தவிக்கும் நேரத்தில் அதை இறக்க முடியாது. எல்லாக் கடையும் இலவசம் அல்ல, சில ரூபாய்க்கு ஒரு ஜிபி என்று விற்பவர்களும் உண்டு. இணைய நிறுவனங்கள் கடைக்காரர்களிடம் வீட்டு இணைப்பைவிடப் பல மடங்கு கூடுதலாக வாங்கியது, இது வேகமாகப் பரவாததற்கு முக்கியக் காரணம். 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய உத்தரவு.

பிஎம்-வானி பலகை இல்லாத கடையில் பாஸ்வேர்டு இல்லாத வைஃபை தெரிந்தால் "அண்ணே, நெட் போட்டுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு இணையுங்கள். அடுத்த வீட்டு ரவுட்டர் திறந்து கிடந்தாலும் கேட்காமல் தொடக்கூடாது. அதில் நடப்பது எதுவானாலும் விசாரணை முதலில் அந்த வீட்டுக்காரரிடம்தான் வரும்.

பெயரை மட்டும் பார்த்து எதையும் நம்பாதீர்கள். 'ரயில்வயர்' என்று யார் வேண்டுமானாலும் தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் வைக்கலாம். உண்மையான வாசல் மொபைல் எண்ணும் அந்த லாகினுக்கான ஓடிபியும்தான் கேட்கும். ஜிமெயில் பாஸ்வேர்டு, ஏடிஎம் கார்டு எண், என்று கேட்டாலோ, 'வேகம் கூட்ட' ஓர் ஏபிகே (ப்ளே ஸ்டோருக்கு வெளியே இறக்கும் ஆப் கோப்பு) நிறுவச் சொன்னாலோ உடனே துண்டியுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள். அதில் வாட்ஸ்அப் என்றோ வங்கியின் பெயரோ இருந்தால் யாரோ உங்கள் கணக்கைத் திறக்கப் பார்க்கிறார்கள், அந்த எண்ணை எங்கும் தட்டாதீர்கள். லாகின் ஆன பிறகும் பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் போனின் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். சரியாக இருந்தும் எச்சரிக்கை நிற்காவிட்டால் அந்த நெட்வொர்க் வேண்டாம். பணம் அனுப்புவதை மொபைல் டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி வர சிம்மில் எஸ்எம்எஸ் வந்தாக வேண்டும். ரீசார்ஜ் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு உள்வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும், அப்போது இந்த வாசல் எதுவும் திறக்காது. கைக்காசு குறைவாக இருக்கும் மாதத்தில் டேட்டா இல்லாத, எண்ணை மட்டும் உயிரோடு வைத்திருக்கும் சின்ன ரீசார்ஜாவது போட்டுவையுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அந்த நெட்வொர்க்கின் 'ஆட்டோ கனெக்ட்'டை அணைத்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் ரயிலில் மாம்பலத்தைக் கடக்கும்போது நடைமேடையில் நிற்கும் ஒருவருக்கு ஒரு முகவரி மிச்சமாகும்.