எண்கோண விடுதியில் ஒரு ராத்திரி

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்த புதிதில், 2014-இல், ராட்னெஸ்ட் தீவுக்குப் போனோம். ஃப்ரீமேன்டில் துறையிலிருந்து படகில் அரை மணி. குட்டிக் கங்காரு மாதிரி இருக்கும் குவாக்காவோடு செல்ஃபி, வாடகை சைக்கிள், கடல் குளியல் என்று எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தங்கியது ஒரு பழைய எண்கோணக் கட்டடத்தில். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். "காரைக்குடி வீடு மாதிரி இல்ல?" என்றேன். அன்றைக்கு அடித்துப் போட்டாற்போலத் தூக்கம்.

போன மாதம் பள்ளிப் பாடத்துக்காக அந்தத் தீவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த மகள், பழைய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வயதில் அவள், அறை வாசலில், கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு.

"அப்பா, இது ஜெயில் செல்லுப்பா."

உண்மைதான். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு அந்தத் தீவு வாஜமப். இறந்தவர்களின் ஆவி போய்ச் சேரும் அக்கரை. 1838-இல் வெள்ளைக்கார அரசு அதைப் பூர்வகுடிகளுக்கான சிறையாக்கியது. முதலில் கொண்டுபோன பத்துப் பேரும் படகு ஒன்றைத் திருடிக்கொண்டு தப்பினார்கள், ஒருவர் மூழ்கிப்போனார். பிறகு காவல் இறுகியது. 1860-களில் கைதிகளையே கல் சுமக்க வைத்துக் கட்டியதுதான் அந்த எண்கோணம். 'குவாட்' என்று பெயர். நாங்கள் ரசித்த கடலோரப் பழைய வீடுகளிலும் அவர்கள் உழைப்புதான்.

பலர் செய்த குற்றம், ஆட்டையோ மாட்டையோ அடித்துத் தின்றது. அதுவும் தங்கள் வேட்டை நிலத்தில் அடுத்தவன் கொண்டுவந்து மேயவிட்ட ஆடு. கழுத்தில் சங்கிலி மாட்டி வரிசையாக நடத்தி வந்தார்கள். வடக்கே கிம்பர்லியின் வெக்கையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடல் குளிரே எமன். போதாக்குறைக்கு 1883-இல் பரவிய நோய் சுமார் 60 பேரை வாரிக்கொண்டு போனது. மொத்தம் ஏறக்குறைய 4,000 ஆண்களும் சிறுவர்களும் அங்கே அடைபட்டார்கள். குறைந்தது 373 பேர் ஊர் திரும்பவில்லை. 1904-இல் சிறையை மூடியதாக அறிவித்தும் கைதிகளிடம் வேலை வாங்குவது 1931 வரை நிற்கவில்லை.

அப்புறம் அறைகளின் நடுச்சுவரை இடித்து விடுதியாக்கிவிட்டார்கள். 2018 வரை காசு கொடுத்துப் படுத்தோம். சுவரில் ஏதாவது எழுதியிருந்ததா என்று மனைவியைக் கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை. இருந்திருந்தாலும் நான் குவாக்காவைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்.

இதை அலுவலகத்தில் சொன்னபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவர் தன் கதையைச் சொன்னார். சின்ன வயதில் வருஷா வருஷம் கோடையில் அவர்கள் குடும்பம் கூடாரம் போட்டதே குவாட்டுக்குப் பக்கத்து மைதானத்தில்தான். கைதிகளைப் புதைத்த இடம் அது. ஒரு கல்கூட நடவில்லை. 1970-இல் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டியபோது எலும்பு கிடைத்தும், 2007 வரை அங்கே கூடாரம் அடிக்க விட்டிருக்கிறார்கள்.

"மணல் தரை. முளை லேசா இறங்கிடும், அப்பா என்னையே அடிக்கச் சொல்வார்" என்றார். கையில் சுத்தியல் இருப்பதுபோல ஒருமுறை காட்டினார். பிறகு அந்தக் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார்.