நான் எழும் நேரத்தை நானே சொல்ல வேண்டும்

கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டு நரம்பு அடிபட்டவள் நான். தோளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற இன்னொருவரின் கைகள் வேண்டும். இதைச் சொன்னதும், "அப்படியானால் பராமரிப்பு இல்லத்தில் இருப்பதுதானே பாதுகாப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் உதவி ஏன் நான் இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது?

விபத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அப்படி ஓர் இல்லத்தில் இருந்தேன். யாரும் கடிந்துகூடப் பேசியதில்லை. ஆனால் இரவுப் பணிக்கு ஆள் குறைவு என்பதால், பொழுது சாயும் முன்பே எல்லோரையும் படுக்க வைத்துவிடுவார்கள். ஜன்னலில் வெயில் இருக்கும். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். என் உடையைக் களைந்து குளிப்பாட்டப் போவது யார் என்பதையும் பணிப்பட்டியல்தான் தீர்மானித்தது. வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது சொந்த வீட்டில் இருக்கிறேன். என் உதவியாளரை நானே பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நாற்காலியில் அமர்த்தியதும் என் தொடைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார். துணியில் ஒரு சுருக்கம், தடித்த ஒரு தையல் போதும். வலி தெரியாத உடம்பில் அது படுக்கைப்புண்ணாகிவிடும். சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். மடங்கினால் சிறுநீர் தேங்கி, என்னைப் போன்றவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென எகிறும், தலை வெடிப்பதுபோல் வலிக்கும், உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் பழகப் பழக வருவது. ஆளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால் வராது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதை மற்றவர்களைப்போல நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. வீட்டுக்கே வரும் உதவியையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2017-இல் தந்த விளக்கம் எனக்கு இன்னும் முக்கியம்: யார் உதவ வருவார் என்பதை முடிவுசெய்வதில் நம் பேச்சுக்கு இடமில்லை என்றால், தனி வீடுகூடச் சுதந்திர வாழ்க்கை ஆகாது.

அதனால்தான், "வீட்டில் அம்மா இருக்கிறாரே" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. அறுபது வயதைத் தாண்டிய முதுகின் மேல் என் உரிமையைச் சுமத்திவிட்டு, அரசு கைகழுவிவிட முடியாது. அம்மா எனக்கு அம்மாவாக இருக்கட்டும்.

லோயிஸ் கர்ட்டிஸை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வெளியே வாழலாம் என்று மருத்துவர்களே சொன்ன பிறகும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. காரணமின்றி அப்படி ஒதுக்கிவைப்பது பாகுபாடு என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. பின்னர் அவர் தன் வீட்டில் வாழ்ந்து ஓவியரானார். 2011-இல் வெள்ளை மாளிகைக்கே சென்று அதிபர் ஒபாமாவுக்குத் தன் ஓவியத்தைப் பரிசளித்தார்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இல்லத்துப் படுக்கைக்கும் யாரோ பணம் கட்டத்தான் செய்கிறார்கள். ஸ்வீடனில் 1994 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, உதவிக்கான தொகையைத் தகுதியுள்ளவரே பெற்றுத் தன் உதவியாளரை அமர்த்திக்கொள்ள முடியும்.

என் உதவி நேரத்தைக் கணக்கிட அண்மையில் ஓர் அலுவலர் வந்திருந்தார். படிவத்தில் குளியல், உணவு, கழிப்பறை என்று நிமிடக் கணக்கில் கட்டங்கள். தோழியைப் பார்க்கப் போக, கூட்டத்துக்குப் போக, இரவில் தாமதமாகப் படுக்க ஒரு கட்டமும் இல்லை. ஓரத்திலாவது எழுதுங்கள் என்றேன். இடம் போதவில்லை என்றார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.