கூச்சக்கார வக்கீலும் பிரிட்டோரியா மனிதர்களும்

1893 மே மாதக் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கிய காந்திக்கு வயது 23. தாதா அப்துல்லா கம்பெனியோடு செய்த ஒப்பந்தம் சுருக்கமானது. ஓராண்டு வேலை, போக வர முதல் வகுப்புக் கப்பல் கட்டணம், சாப்பாடு தங்குமிடம் போக 105 பவுண்டு. இந்தத் தொகைக்கு யாரும் ஒரு பாரிஸ்டரை வாதாடக் கூப்பிட மாட்டார்கள், கம்பெனி ஆளாகத்தான் போகிறோம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் 30 ரூபாய் பீஸுக்கு எடுத்த முதல் கேஸில், குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்று, தலை சுற்றி, ஒரு கேள்விகூட வாயில் வராமல் உட்கார்ந்துவிட்டவர் அவர். வழக்குக் கட்டை இன்னொரு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லி, வாங்கிய பீஸைத் திருப்பிக் கொடுத்தார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்து இரவு எல்லோருக்கும் தெரிந்தது. வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது அதற்கு முந்திய ஒரு வாரத்தையும் பிந்திய ஓராண்டையும். தெரியாத ஊரில், தெரியாத சட்டத்துக்கு நடுவே, புதிய மனிதர்களை அவர் எப்படிக் கணித்தார் என்பது அங்கேதான் இருக்கிறது. என் வாதம் இதுதான்: அவருடைய கூச்சம் கோர்ட்டில்தான் காலை வாரியது. கட்சிக்காரரையும் எதிர்க்கட்சியையும் அறிந்துகொள்வதில் அதே கூச்சம் அவருக்குக் கைகொடுத்தது. குறைவாகப் பேசியவர் நிறையப் பார்த்தார், நிறையப் படித்தார்.

லண்டனில் படிப்பு முடித்த காலத்தில் ஃபிரெடரிக் பின்காட் என்ற ஆங்கிலேயரிடம் யோசனை கேட்டுப் போனபோது, வக்கீலுக்கு மனித சுபாவம் தெரிய வேண்டும், முகத்தைப் பார்த்தே ஆளை எடை போடத் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். முக இலக்கணப் புத்தகங்களையும் படிக்கச் சொன்னார். வாங்கிப் படித்த காந்திக்கு அவற்றால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. முகத்தைப் படிப்பதைவிட நல்ல வழி ஒன்றைப் பிரிட்டோரியாவில் கண்டுகொண்டார். அதற்கு முன் டர்பன்.

கப்பல் துறையிலேயே அவர் கண்ணில் பட்டது ஒன்று. அழைத்துப் போக வந்த தாதா அப்துல்லா சேட், டர்பன் இருந்த நேட்டால் காலனியின் பெரிய இந்திய வியாபாரி. அவரைத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் அவரிடம் பேசும் தோரணையில் ஒரு இளக்காரம் இருந்தது. சேட்டுக்கு அது பழகிப்போயிருந்தது, காந்திக்குச் சுருக்கென்று தைத்தது. பழகிப்போனவர் கண்ணில் படாதது புதியவர் கண்ணில் படும். கட்சிக்காரரின் கடைக்கோ வீட்டுக்கோ முதல் முறை போகிற ஜூனியர் அன்று பார்த்ததை அன்றே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. பத்து நாள் போனால் அவர் கண்ணுக்கும் அது தெரியாமல் போய்விடும்.

அப்துல்லா சேட்டும் இவரை எடை போட்டுக்கொண்டிருந்தார். இந்த உடுப்பும் பழக்கமும் உள்ள ஆள் செலவு வைப்பாரே என்பது முதல் கவலை. கொடுக்க வேலையும் கைவசம் இல்லை. வழக்கு நடப்பது பிரிட்டோரியாவைத் தலைநகராகக் கொண்ட டிரான்ஸ்வாலில், பிரதிவாதிகள் இருப்பதும் அங்கே. பிரிட்டோரியாவுக்கு அனுப்பினால் எதிர்க்கட்சிக்காரர்கள் இவரை வளைத்துப் போட்டுவிட்டால்? குமாஸ்தா தவறு செய்தால் கேட்கலாம், பாரிஸ்டரை எப்படிக் கேட்பது? நியாயமான சந்தேகங்கள். காந்தி அதற்காக மனம் கோணவில்லை. சேட்டுக்கு எழுத்தறிவு மிகக் குறைவு, அனுபவ அறிவு அபாரம், பேங்க் மேனேஜரிடம் பேசிக் காரியம் முடிக்கிற அளவு ஆங்கிலம் உண்டு, கூடவே சந்தேகப் பிராணி என்று நிறையும் குறையுமாகக் கணித்துக்கொண்டார். கட்சிக்காரரைப் பற்றி இப்படி இரண்டு பக்கமும் எழுதத் தெரியாத வக்கீல், பின்னால் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போது திண்டாடுவார்.

டர்பன் கோர்ட்டில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்ன மாஜிஸ்திரேட்டுக்கு மறுத்து வெளியே வந்ததும், பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதும் அந்த வாரத்தில்தான். நம்மவர் பெயர்களின் கடைசியில் வரும் ‘சாமி’யை வெள்ளைக்காரர்கள் வசையாகப் புழங்கியதையும், தான் ‘கூலி பாரிஸ்டர்’ ஆனதையும் அங்கேதான் கண்டார். ஏழெட்டு நாளில் பிரிட்டோரியாவுக்குப் புறப்பட்டார்.

புறப்படும் முன் நடந்த பேச்சை இளம் வக்கீல்கள் மனப்பாடம் செய்யலாம். எதிர்க்கட்சியான தையப் சேட் அப்துல்லா சேட்டுக்கு நெருங்கிய உறவினர். முடிந்தால் வழக்கை வெளியே பேசித் தீர்க்கப் பார்க்கிறேன் என்று காந்தி சொன்னதும் சேட் திடுக்கிட்டார். சமரசம் நல்லதுதான், ஆனால் கொஞ்சம் அசந்தால் தையப் சேட் நம்மிடமிருந்து எல்லாவற்றையும் கறந்துவிடுவார் என்று எச்சரித்தார். வழக்கைப் பற்றி அவரிடம் வாயே திறக்க மாட்டேன், சமரசத்துக்கு வாருங்கள் என்பது மட்டும்தான் என் பேச்சாக இருக்கும் என்றார் காந்தி. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று புறப்படும் முன்பே கோடு கிழித்துக்கொண்டதுதான் இதில் சங்கதி. அதனால்தான் பிரிட்டோரியா போன முதல் வாரத்திலேயே தையப் சேட்டிடம் போய் அறிமுகம் செய்துகொள்ள முடிந்தது. எதிர்க்கட்சிக்காரரோடு பழகிய வக்கீல்கள் மாட்டிக்கொள்வது பழகியதால் அல்ல, இந்தக் கோட்டைக் கிழிக்காமல் போனதால்.

பிரிட்டோரியாவில் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை இரவு. ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. அங்கே நின்றிருந்த அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் ஜான்ஸ்டன் என்பவரின் ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். அறையிலேயே சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையில் இடம் கொடுத்த ஜான்ஸ்டன், சற்று நேரத்தில் மற்ற விருந்தினர்களிடம் கேட்டு, ஆட்சேபம் இல்லை என்று தெரிந்துகொண்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கே அழைத்தார். மறுநாள் சேட்டின் வழக்கைக் கவனித்த அட்டர்னி ஏ. டபிள்யூ. பேக்கரைச் சந்தித்தார். பேக்கர் சுற்றி வளைக்கவில்லை. நல்ல பாரிஸ்டர்களை ஏற்கெனவே அமர்த்தியாகிவிட்டது, வாதாட உங்களுக்கு வேலை இல்லை, கட்சிக்காரரிடமிருந்து விவரம் வாங்கித் தருவதற்கு உங்களைப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்றார். ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மனைவியிடம் வாரம் 35 ஷில்லிங்குக்குச் சாப்பாட்டோடு இடமும் பார்த்துக் கொடுத்தார். பேக்கர் கிறிஸ்தவப் பிரசாரகரும்கூட. பகல் ஒரு மணிப் பிரார்த்தனைக்குக் கூப்பிட்டார், காந்தி போனார். அங்கே பழக்கமான, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கோட்ஸ் என்ற இளைஞர், காந்தியின் கழுத்தில் கிடந்த துளசி மணிமாலையை மூடநம்பிக்கை என்று அறுக்கப் பார்த்தார். அம்மா போட்டது, காரணமில்லாமல் கழற்ற மாட்டேன் என்று பதில் வந்தது. ஆனாலும் நட்பு குறையவில்லை. இந்தியர்கள் இரவு 9 மணிக்கு மேல் அனுமதிச் சீட்டில்லாமல் வெளியே வரக்கூடாது, நடைபாதையில் நடக்கக்கூடாது என்பது டிரான்ஸ்வால் சட்டம். காந்தியை அரசு வழக்கறிஞர் க்ரௌஸேயிடம் அழைத்துப் போனவர் இதே கோட்ஸ்தான். எந்த நேரமும் நடமாட க்ரௌஸே ஒரு கடிதம் கொடுத்தார். பின்னால் ஜனாதிபதி க்ரூகர் வீட்டு வாசலில் காவல்காரன் நடைபாதையிலிருந்து உதைத்துத் தள்ளியபோது, கோர்ட்டுக்குப் போங்கள், நானே சாட்சி என்று முன்வந்தவரும் கோட்ஸ்தான். சொந்தக் குறைக்காகக் கோர்ட்டுக்குப் போவதில்லை என்று காந்தி மறுத்தார்.

இனி வழக்கு. தாவா 40,000 பவுண்டு. ஒரு பகுதி புரோநோட்டுகளின் மேல், மறு பகுதி புரோநோட்டு எழுதித் தருவதாகச் சொன்ன வாக்கை நிறைவேற்றக் கோரி. எதிர்வாதம், நோட்டுகள் மோசடியாக வாங்கப்பட்டவை, அவற்றுக்கு ஈடாகக் கொடுத்த போதிய மறுபயன் இல்லை என்பது. நம்ம ஊர் முன்சீப் கோர்ட்டில் இன்றைக்கும் புரோநோட்டு வழக்கு என்றால் இதே இரண்டு தடுப்புதான் வரும். முழுக்கக் கணக்கில் கிடக்கிற வழக்கு.

காந்திக்கோ கணக்கு தெரியாது. வரும் வழியில் ஜான்ஸிபாரில் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தபோது, பார்ஸி வக்கீல் ஒருவர் சாட்சியிடம் பற்று வரவு கேட்ட கேள்விகள் ஒன்றும் புரியவில்லை. புரோநோட்டைச் சுருக்கி எழுதும் ‘பி. நோட்’ என்பது அகராதியில் கிடைக்கவில்லை. குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கணக்குப் பதிவியல் புத்தகம் ஒன்றை வாங்கி உட்கார்ந்து படித்தார். பிறகு வழக்குக் கட்டில் இருந்த கடிதங்களை, பெரும்பாலும் குஜராத்தியில் இருந்தவற்றை, மொழிபெயர்த்தார். கட்சிக்காரரின் கணக்கு அறிவை வியந்ததும் அப்போதுதான். படிக்காத சேட் சிக்கலான கணக்கைச் சட்டென்று அவிழ்த்தார்.

இந்த வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது குஜராத்தி வியாபாரக் கணக்கைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, பாரம்பரியப் பேரேட்டில் வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம். ஆங்கில முறை பழகிய கண் தலைகீழாகப் படித்துக் கடனாளியைக் கடன் கொடுத்தவராக்கிவிடும். இரண்டு, தேதி. குஜராத்தில் புது வருஷம் தீபாவளிக்கு மறுநாள் பிறக்கிறது. ஆங்கில வருஷம் வேண்டுமானால், கணக்கில் எழுதும் விக்ரம வருஷத்திலிருந்து தீபாவளி முதல் டிசம்பர் முடிய 57 கழிக்க வேண்டும், ஜனவரி முதல் அடுத்த தீபாவளி வரை 56. இதைக் கவனிக்காமல் ஒரே எண்ணைக் கழித்தால் நோட்டின் தேதி ஒரு வருஷம் நகர்ந்துவிடும். காலாவதிக் கேள்வி எழுகிற வழக்கில் அந்த ஒரு வருஷமே கேஸை முடித்துவிடும். அதனால் மொழிபெயர்க்கும்போது மூலத் தேதியையும் பக்கத்திலேயே எழுத வேண்டும், குறிப்பேடு, பேரேட்டுப் பக்கம், நோட்டு மூன்றையும் ஒரே வரியில் கோர்க்க வேண்டும். கோர்வை அறுகிற இடத்தில்தான் கட்சிக்காரரைக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

கடிதத்தையும் பேரேட்டையும் மாதக்கணக்கில் படித்ததில், இரு சேட்டுகளையும் முகம் பார்த்து அறிந்ததைவிட நன்றாக அறிந்துகொண்டார். உண்மைகள் முக்கால் சட்டம் என்று பின்காட் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அப்துல்லா சேட்டின் பக்கம் பலமானது, சட்டம் அவர் பக்கம் நிற்கும் என்று தெரிந்தது. வழக்கு நீண்டால் இரண்டு பேரும் அழிவார்கள் என்பதும் தெரிந்தது. வக்கீல் பீஸ் ஏறிக்கொண்டே போனது, இருவருக்கும் வியாபாரத்தைக் கவனிக்க நேரமில்லை. தையப் சேட்டிடம் கேட்டுக் கேட்டு நடுவர் தீர்ப்புக்குச் சம்மதிக்க வைத்தார். தீர்ப்பு அப்துல்லா சேட்டுக்குச் சாதகமாக வந்தது. 37,000 பவுண்டும் செலவுத்தொகையும்.

பெரும்பாலான வக்கீல்கள் இங்கே வழக்குக் கட்டை மூடிவிடுவார்கள். காந்திக்கு மிச்சமிருந்தது எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி அவர் அறிந்திருந்த ஒரு விஷயம். தென்னாப்பிரிக்காவின் போர்பந்தர் மேமன்களிடையே, அதாவது தையப் சேட்டின் குஜராத்தி முஸ்லிம் வியாபாரச் சமூகத்தில், திவாலாவதைவிடச் சாவது மேல் என்பது எழுதாத சட்டம். தையப் சேட்டால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட முடியாது, ஒரு பைசா குறைத்துக் கட்டவும் மாட்டார், திவாலாகவும் சம்மதிக்க மாட்டார். தீர்ப்பை உடனே நிறைவேற்றினால் பணமும் வராது, உறவுக்காரர் ஒருவர் அழிந்ததுதான் மிஞ்சும். வழி ஒன்றுதான், நீண்ட காலத் தவணை. நடுவரிடம் போகச் சம்மதிக்க வைத்ததைவிட, ஜெயித்த அப்துல்லா சேட்டைத் தவணைக்கு இணங்க வைப்பதுதான் கடினமாக இருந்தது என்று காந்தியே எழுதியிருக்கிறார். அப்படித்தான் இருக்கும். தோற்றவருக்குத் தேவை இருக்கும், ஜெயித்தவருக்கு எதற்காக இறங்கி வர வேண்டும்? ஆனாலும் சேட் இணங்கினார், தவணை கொடுத்த பிறகு இருவருக்கும் ஊரில் மதிப்பு கூடியது.

ஓராண்டு முடிந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. 1894 செப்டம்பர் 3 அன்று, நேட்டால் வக்கீல் சங்கத்தின் எதிர்ப்பை மீறி, சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவானார். தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் அலுவலகத்துக்குள் வந்து நின்றவர் ஒரு தமிழர், பாலசுந்தரம். கிழிந்த உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம், தலைத்துணி கையில். முதலாளி அடித்திருந்தார். காந்திக்குத் தமிழ் தெரியாது, தமிழரான அவருடைய குமாஸ்தா பேசி விவரம் சொன்னார். வெள்ளைக்காரரைப் பார்க்கும்போது தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வழக்கம், தன் முன்னாலும் அதே மரியாதையோடு நிற்கிறார் என்பதைக் கவனித்த காந்தி, முதலில் அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயக்கத்தோடு கட்டிக்கொண்ட அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

பிறகு நடந்த வரிசையைப் பாருங்கள். முதலில் டாக்டர், காயத்தின் தன்மை பற்றிய சான்றிதழ். அன்றே நேராக மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலம். படித்த மாஜிஸ்திரேட் கொதித்து முதலாளிக்குச் சம்மன் பிறப்பித்தார். இந்த வரிசை மாறினால் காயம் ஆறிவிடும், அடித்தவர் வேறு கதை சொல்லத் தொடங்கிவிடுவார். ஆனால் தண்டனை வாங்கிக் கொடுப்பது காந்தியின் நோக்கமாக இல்லை. சாதாரண வேலைக்காரர் வேலையை விட்டால் முதலாளி சிவில் வழக்குத்தான் போட முடியும், ஒப்பந்தத் தொழிலாளி விட்டால் அது கிரிமினல் குற்றம், சிறை. எனவே முதலாளி தண்டிக்கப்பட்டாலும் பாலசுந்தரம் அதே வாசலுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். இரண்டே வழி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் அல்லது வேறொருவருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் முதலாளியே விடுவிக்க வேண்டும். காந்தி முதலாளியிடமே போய், உங்களைத் தண்டிக்க வைப்பதில் எனக்கு அக்கறை இல்லை, இவரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றார். அவர் ஒப்புக்கொண்டார். அதிகாரியும் ஒப்புக்கொண்டார், புது முதலாளியை நீங்களே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்த முடியாது, வெள்ளைக்காரர்தான் வேண்டும். தனக்கு அறிமுகமான மிகச் சில ஐரோப்பியர்களில் ஒருவரைக் கேட்டுச் சம்மதம் வாங்கினார் காந்தி.

மாஜிஸ்திரேட் முதலாளியைக் குற்றவாளி என்று தீர்மானித்து, ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுக்க அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதையும் பதிவில் சேர்த்தார். செய்தி தோட்டங்களுக்குப் போனது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள்.