தாராவியில் பாப்பாவுக்குத் தட்டம்மை வந்தபோது

2022 நவம்பரில் மும்பை முழுக்க ‘கோவர்’ பேச்சுதான். மராத்தியில் தட்டம்மைக்கு அதுதான் பெயர். மும்பையின் கோவண்டிப் பகுதியில் குழந்தைகள் இறந்த செய்தி வந்துகொண்டிருந்த நாட்களில்தான் தாராவியில் எங்கள் வீட்டிலும் பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு வயது. ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தோம். 16 மாதத்துக்கு மேல் போட வேண்டிய இரண்டாவது ஊசி 2020 ஊரடங்கில் விட்டுப்போனது. பிறகாவது போட்டிருக்கலாம். போடவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மூன்று நாள் இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. வெறும் சளி என்று நினைத்தேன். நான்காம் நாள் காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், நெஞ்சு என்று சிவப்பாகப் பொரிந்து இறங்கியது. அத்தை வாசலில் வேப்பிலை செருகினார். தாளிக்க வேண்டாம், வெளியாட்கள் வர வேண்டாம் என்றார். சரி என்றேன். மருந்தும் வேண்டாம் என்றபோதுதான் பயந்தேன். அன்றிரவே பாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. விடியும் முன் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

நிமோனியா தொடங்கியிருந்தது. தனி வார்டில் சேர்த்தார்கள். சிஸ்டர் முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்தார். இந்தக் கிருமி காற்றிலேயே இரண்டு மணி நேரம் வரை இருக்குமாம், கை கழுவினால் மட்டும் போதாது என்றார். அவர் என்95 முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. எனக்குச் சின்ன வயதில் வந்துபோனதா என்று கேட்டுக்கொண்டுதான் கூட இருக்க விட்டார். பார்க்க வந்த நாத்தனார் மாசமாக இருந்தாள். அவளை வராந்தாவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். எங்களுக்குச் சங்கடம்தான், ஆனால் அவர் செய்தது சரி.

வைட்டமின் ஏ அன்று 2 லட்சம் யூனிட், மறுநாள் அதே அளவு. தட்டம்மை உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யைக் கரைத்துவிடும், கண் பார்வையே போகலாம் என்று விளக்கினார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கண்ணைத் துடைக்கச் சொன்னார். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. வெளிச்சம் கூசியதால் துப்பட்டாவை மறைப்பாகக் கட்டினேன். வாய்ப்புண்ணால் சாப்பிட மறுத்தவளுக்குக் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு மிகவும் உதவியது மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டதுதான். குழந்தை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனால் உடனே கூப்பிட வேண்டும். முதல் நாள் 52. மூன்றாம் நாள் காலை 34. இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு அழுதேன்.

பொரிந்த பிறகும் நான்கு நாள் கழியும்வரை அடுத்தவருக்குப் பரவும். அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். அத்தை வேப்பிலை, மஞ்சள் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார். தோல் தவிடு மாதிரி உதிர்ந்தது. அப்புறம் இருமல் மட்டும் பத்து நாள் நீடித்தது.