மழைக் கணக்கு கேட்டால் "எதற்கு?" என்கிறார்கள்

ஆய்வுக்காகப் பல நாடுகளின் தினசரி மழைப் பதிவுகளைத் திரட்டும் வேலை ஒருவழியாக முடிந்தது. ஆனால் கோபம் இன்னும் தணியவில்லை.

அமெரிக்கத் தரவுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை; மத்திய அரசு தயாரிப்பவற்றுக்கு அங்கே பதிப்புரிமையே கிடையாது. ஜெர்மனியின் வானிலைச் சேவை முன்பு காசு வாங்கியது. 2017-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு இணையத்திலேயே இலவசம். பதிவு இல்லாத நாளுக்கு -999 என்று போட்டிருப்பதால் மழையில்லாத நாளோடு குழப்பமும் இல்லை.

மாட்டிக்கொண்டது வேறொரு நாட்டில். பெயர் வேண்டாம். முதல் கேள்வியே "எதற்கு?" துறைத்தலைவரின் கடிதத்தை முத்திரை இல்லை என்று திருப்பினார்கள். முத்திரையோடு போனால் பழைய அலுவலர் மாற்றலாகியிருந்தார், புதியவரும் "எதற்கு?" என்றே ஆரம்பித்தார். ஸ்வீடனில் அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை 1766-இலேயே சட்டமானது. கேட்பவர் பொதுவாகப் பெயரோ காரணமோ சொல்ல வேண்டியதில்லை. நான் மாட்டிக்கொண்ட நாட்டிலோ அலுவலர் சொன்னது: "கொடுத்து ஏதாவது ஆனால் என்னைத்தான் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்." அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. சிக்கல் முழுக்க அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

அப்புறம் உறுதிமொழிப் படிவம். தரவை மூன்றாம் நபருக்குத் தரமாட்டேன் என்று ஒரு வரி. ஆய்விதழோ, தரவைப் பொதுவில் வைத்தால்தான் கட்டுரையை ஏற்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். நான் போடாமல், உலக வானிலை அமைப்பின் 1995-ஆம் ஆண்டு 40-ஆம் தீர்மானத்தை இணைத்து மேலதிகாரிக்கு எழுதினேன். அமைப்பின் வழியே பரிமாறப்படும் தரவை ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் தடையின்றி இலவசமாகத் தரவேண்டும் என்றது, 2021 வரை நடப்பிலிருந்த அந்தத் தீர்மானம். அதன்பிறகு, மாத மொத்த அளவை மட்டும் வெளியிடலாம் என்று எழுத்திலேயே அனுமதி வந்தது. ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் நிலையங்களின் பட்டியலையும் எந்தெந்த ஆண்டு விடுபட்டிருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்தவை ஸ்கேன் செய்த பக்கங்கள். பல கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மழை இல்லையா, அளக்கவே இல்லையா என்று கேட்டு மறுபடி ஒரு கடிதம் போட வேண்டியிருந்தது.