இங்கிலாந்தில் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் எழுதும்போது

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களுக்கு வைத்தியசாலைக் கடிதப் போக்குவரத்து தவிர்க்க முடியாதது. சந்திப்புத் திகதியை மாற்றவும், சிகிச்சை பற்றி விளக்கம் கேட்கவும், பயணக் காப்புறுதிக்கு ஓர் உறுதிக் கடிதம் பெறவும், சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்லவும் எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதச் சிரமப்படும் எங்கள் பகுதி முதியவர்களுக்கு நான் இக்கடிதங்களை எழுதிக் கொடுப்பதுண்டு. சொல்ல வேண்டிய செய்தியை அவர்கள் தெளிவாகவே சொல்லிவிடுவார்கள். பெறுபவரை எப்படி விளிப்பது என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுவிடும்.

அடிப்படை வழக்கம் இதுதான். இந்நாட்டில் பொது வைத்தியர்களையும், கத்தி வைக்காமல் மருந்தால் சிகிச்சை தரும் உடல்மருத்துவ நிபுணர்களையும் ‘டொக்டர்’ என்று விளிக்க வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர்களை ‘மிஸ்டர்’ என்றும், அவர்கள் பெண்களாயின் ‘மிஸ்’ (Miss), ‘மிஸிஸ்’ (Mrs), மணமானவரா இல்லையா என்று காட்டாத ‘Ms’ ஆகியவற்றில் அவர்களே தெரிந்துகொண்ட ஒன்றாலும் விளிக்க வேண்டும். ஊரில் ‘வைத்திய கலாநிதி’ என்று முழுமையாக எழுதிப் பழகிய தலைமுறைக்கு இதை ஏற்பது எளிதன்று. பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்த ஓர் அம்மா, வைத்தியசாலையிலிருந்து வந்த கடிதத்தை என் கையில் தந்து, “பிள்ளை, இதிலை மிஸ்டர் எண்டெல்லோ போட்டிருக்கு, அப்ப இவர் டொக்டர் இல்லையோ? ஆர் என்ரை வயித்தை வெட்டப் போறது?” என்று கேட்டார். அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டுமானால் இவ்வழக்கம் வந்த வரலாற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முற்காலத்தில் இங்கிலாந்தில் உடல்மருத்துவர்கள் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்கான கல்லூரி, எட்டாம் ஹென்றி மன்னரின் சாசனத்தால் 1518இல் அமைந்தது. கத்தி பிடித்தவர்களோ தொழிற்பயிற்சி வழியாக வந்தவர்கள். 1540இல் அவர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள். இவ்விணைப்பு 1745 வரை நீடித்தது. 1800இல் சத்திரசிகிச்சையாளர்களுக்கென்று அரச கல்லூரி உருவானபோதும், அவர்கள் பெற்றது கலாநிதிப் பட்டம் அன்று, கல்லூரியின் சான்றிதழே. ஆகவே அவர்கள் ‘மிஸ்டர்’ என்றே அழைக்கப்பட்டார்கள். இன்று நிலைமை அடியோடு வேறு. சத்திரசிகிச்சை நிபுணராக வருகிற ஒவ்வொருவரும் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, ‘டொக்டர்’ என்ற பெயரோடு வைத்தியசாலைகளில் பணியாற்றி, அதன்பின் சத்திரசிகிச்சையாளர் அரச கல்லூரியின் உறுப்பினர் தேர்வான எம்.ஆர்.சி.எஸ்.இல் தேறிய பிறகே மீண்டும் ‘மிஸ்டர்’ ஆகிறார். அதாவது, அந்த அம்மாவின் கடிதத்தில் இருந்த ‘மிஸ்டர்’ கூடுதல் தகுதியின் அடையாளம். பழைய தாழ்நிலையின் சுவட்டையே பெருமையாகச் சூடிக்கொண்ட இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். கடிதத்தில் ‘டொக்டர்’ என்று எழுதிவிட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லைதான். ஆனால் ஒருவர் உழைத்துப் பெற்ற அடையாளத்தை அறிந்து விளிப்பது மரியாதை என்றே கருதுகிறேன்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ‘மிஸ்டர்’ அல்லர். மயக்க மருந்து நிபுணர் ‘டொக்டர்’தான்; கதிரியக்க நிபுணரும் அப்படியே. எலும்பு, காது மூக்கு தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் ‘மிஸ்டர்’ அல்லது ‘மிஸ்’. மகப்பேற்று நிபுணர்கள் இங்கிலாந்தில் வழமையாக ‘மிஸ்டர்’, ‘மிஸ்’, ஸ்கொட்லாந்திலோ ‘டொக்டர்’. பல்வைத்தியர்கள் மரியாதை நிமித்தம் ‘டொக்டர்’ என்று போட்டுக்கொள்ள 1995 முதல் அனுமதி உண்டு. பேராசிரியர் பதவி பெற்றவருக்கு, அவர் எத்துறையினராயினும், ‘புரொபசர்’ என்பதே முன்னிற்கும். மணமான பெண் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் தொழிலில் ‘மிஸ்’ என்றே தொடர்வதால், நாமாக ‘மிஸிஸ்’ என்று ஊகித்து எழுதலாகாது.

ஊகத்துக்குப் பதிலாகக் கையிலிருக்கும் கடிதத்தையே பார்க்கலாம். கீழே கையொப்பத்துக்கு அடியில் பெயரும் பதவியும் அச்சிடப்பட்டிருக்கும். அவர் தம்மை எப்படிக் குறிப்பிட்டிருக்கிறாரோ அப்படியே நாமும் குறிப்பிட வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. நோயாளிக்கு வரும் கடிதம் பல வேளைகளில் குடும்ப வைத்தியருக்கு எழுதப்பட்டதன் பிரதியாக இருக்கும். மேலே ‘அன்புள்ள டொக்டர்’ என்று விளிக்கப்பட்டவர் குடும்ப வைத்தியர், நாம் பதில் எழுத வேண்டியவர் கீழே ஒப்பமிட்டவர். இவ்விரு பெயர்களையும் மாற்றி எழுதியதால் தவறான மேசைக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்கள் உண்டு.

விளியில் குடும்பப் பெயர் மட்டுமே வர வேண்டும். நம்மவர் ஒருவரே வைத்தியராக இருக்கும்போது இதில் மனம் தடுமாறும், ஏனென்றால் அங்கே குடும்பப் பெயராக நிற்பது பெரும்பாலும் அவருடைய தகப்பனாரின் பெயர். ‘டொக்டர் கவிதா’ என்று நேரில் அழைத்துப் பழகியிருந்தாலும், கடிதத்தில் கவிதாவை விட்டுத் தகப்பனாரின் பெயரைத்தான் எழுத வேண்டும். பெயருக்குப் பின்னால் வரும் எஃப்.ஆர்.சி.எஸ். போன்ற தகுதியைக் குறிக்கும் எழுத்துகளை உறைமேல் எழுதலாம், விளியில் சேர்ப்பதில்லை.

தாதியரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நன்றிக் கடிதங்களில் அவர்கள் பெயரின்றியே விடுபட்டுப் போகிறார்கள். வார்டுப் பொறுப்பாளர் பெண்ணாயின் ‘சிஸ்டர்’, ஆணாயின் ‘சார்ஜ் நர்ஸ்’ என்பது பதவிப் பெயர். அதைக் குடும்பப் பெயரோடு சேர்த்து எழுதினால் கடிதம் உரியவரிடம் போய்ச் சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால், கடிதத்தின் தலைப்பில் அந்த நிபுணரின் செயலாளருடைய தொலைபேசி எண் பெரும்பாலும் இருக்கும். அழைத்து, அவரை எப்படி விளித்து எழுத வேண்டும் என்று கேட்கலாம், தயங்காமல் சொல்வார்கள்.